எழுபத்தொரு வீத மாங்கல்யம்

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளவத்தையில் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. அது பழைய கூட்டம். புதிய கூட்டம் காலி வீதியைக் கடந்து, கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்து வாசலில் நின்றது. பழைய கூட்டத்தின் கையில் அர்ச்சனைத் தட்டு. புதிய கூட்டத்தின் கையில் போன்.

உள்ளே வீற்றிருந்தவர் ஸ்ரீ மின்சக்தியானந்த சுவாமிகள். போனின் பற்றரியைப் பார்த்து, போன்காரரின் தலைவிதியைச் சொல்பவர். இந்த வித்தையை அவருக்கு இமயமலையில் ஒரு சித்தர் உபதேசித்ததாக வாசல் பலகை சொன்னது. இமயமலையில் சித்தருக்குச் சிக்னல் கிடைத்ததா என்று எவரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. முன்னால் நிற்பவர் உள்ளே போய்விட்டாரா என்று மட்டும் பார்ப்பார்கள்.

சுவாமிகளின் தத்துவம் எளிமையானது. சாதகம் பிறந்த நேரத்தை வைத்துக் கணிப்பது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி மணிக்கூடு நின்றிருக்கலாம், மிட்வைஃப் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம். போன் அப்படியில்லை. படுக்கையில், பஸ்ஸில், கழிப்பறையில் என்று எந்நேரமும் உடம்போடு ஒட்டிக் கிடந்து, உங்கள் கிரகங்களை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே செட்டிங்ஸைத் திறந்து, பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று பாருங்கள். அதுதான் உங்கள் உயிர்ச்சக்தி. தொண்ணூறுக்கு மேலே ராஜயோகம். எண்பதுக்கு மேலே மத்திமம். எண்பதுக்குக் கீழே சனி.

எண்பதுக்குக் கீழே இறங்கினால் பற்றரியை மாற்றச் சொல்லிப் போனே எழுதிக் காட்டும். பக்தர்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டி, "பாத்தியளே, வெளிநாட்டுக் கம்பனிக்காரனே ஒத்துக்கொண்டிட்டான்" என்றார்கள்.

வங்கி மனேஜர் கேட்டாலும் சொல்லாத இரகசிய எண்ணைச் சுவாமிகள் கேட்டதும் சொன்னார்கள். மகனுக்கு விசா கிடைக்குமா, மருமகள் திரும்பி வருவாளா, கொலஸ்ட்ரோல் குறையுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் விடை செட்டிங்ஸில் இருந்தது.

அந்த வரிசையில்தான் தில்லைநாதனும் நின்றார்.

தில்லைநாதனைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்ட்டில், கப்பலில் வந்த பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் தலைமயிர் நரைத்து ஓய்வு பெற்றவர். அவரை ஏமாற்றிவிட்டு ஒரு பெட்டி கேற்றைத் தாண்டியதில்லை என்று யார்ட்டில் பெயர் இருந்தது. அப்படிப்பட்டவர், ஒரே மகள் ரதியிடம் "வட்ஸ்அப் பழகப்போறன், ஒருக்கா உன்ர போனைத் தா பிள்ளை" என்று பொய் சொல்லி, போனை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

ரதிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை தனுஷன், இரத்மலானைப் பெடியன், கட்டடக் கம்பனியொன்றில் உத்தியோகம். இருவரும் ஏற்கெனவே மனம் ஒத்தவர்கள். அது ஊருக்கே தெரியும், தில்லைநாதனுக்கு மட்டும் தெரியாத மாதிரி எல்லாரும் நடந்துகொண்டார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, நாள் குறித்திருந்தது. ஒரு சராசரித் தகப்பன் இந்த இடத்தில் கால் நீட்டிப் படுத்திருப்பான். தில்லைநாதனுக்குத்தான் நித்திரை வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆவதற்குள் புருசனை இழந்தவள். சாதகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று செத்தவீட்டிலேயே நாலு பேர் சொன்னார்கள். மனுசன் காய்ச்சலில் செத்தான். ஆனாலும் அந்த நாலு பேரின் சொல் தில்லைநாதனின் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மகளுக்கும் அப்படியொன்று வந்துவிடுமோ என்று அவர் உண்மையாகவே பயந்தார். சுவாமிகள் மாதிரியான ஆட்கள் கடை திறப்பது இப்படிப்பட்ட பயத்தை நம்பித்தான்.

சுவாமிகள் போனை வாங்கி, நெற்றியில் ஒற்றி, செட்டிங்ஸைத் திறந்தார். எழுபத்தொன்று.

"மாப்பிள்ளையுடைய போன்?" என்று கேட்டார்.

தொண்ணூற்றெட்டு. அதைத் தில்லைநாதன் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். தனுஷன் வீட்டுக்கு வந்தபோது போனைக் காட்டச் சொன்னார். அவனும் ஏன் என்று கேட்காமல் காட்டினான். வருங்கால மாமனார் கேட்டால் பெடியன் பல்லையும் எண்ணிக் காட்டியிருப்பான்.

"வித்தியாசம் இருபத்தேழு" என்றார் சுவாமிகள். "நட்சத்திரங்கள் எத்தனை, சொல்லும்."

"இருபத்தேழு, சாமி."

"புரிகிறதா?"

தில்லைநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரிந்தவர் போல நடுங்கினார்.

"பெண்ணின் மாங்கல்ய பலம் எழுபத்தொரு வீதம் மட்டுமே நிற்கும்."

"அப்ப மிச்ச இருபத்தொன்பது, சாமி?"

"அது உம்முடைய வினை" என்று சொல்லிச் சுவாமிகள் கண்ணை மூடினார். கண்ணை மூடியபடியே பரிகாரத்தையும் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை போனைக் கொண்டுவர வேண்டும். உள்ளறையில் அக்கினிப் பிரவேசம் நடக்கும். எழுபத்தொன்று நூறாக உயரும். காணிக்கை மனமுவந்து கொடுப்பதுதான், ஆனால் மனம் எவ்வளவு உவக்க வேண்டும் என்பதும் பலகையில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி தவமணி கேட்டாள். "இஞ்சாருங்கோ, சாதகம் பொருந்தினது. ஐயரும் ஓம் எண்டவர். இனி என்ன உங்களுக்கு?"

"அது பிறந்த நேரத்துக் கணக்கு. இது இப்பத்தைய கணக்கு."

"பழைய போன் எண்டா பற்றரி இறங்கும்தானே அப்பா" என்றாள் ரதி. "நான் நாலு வருசமா இதைத்தான் வைச்சிருக்கிறன். அவர் போன மாசம் வாங்கினவர். நாளைக்கு அவரும் நானும் போனை மாத்தினா, அவற்ற மாங்கல்ய பலமோ குறையும்?"

"ஆம்பிளையளுக்கு மாங்கல்யம் இல்லைப் பிள்ளை" என்றார் தில்லைநாதன். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே விடை அதுதான்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. புதன்கிழமை அவர் இரத்மலானைக்கு அழைத்து, எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்று தனுஷனின் தாயிடம் சொல்லிவிட்டார். காரணம் கேட்டாள். பற்றரி என்றார். அவளுடைய குரல் ஏறியது.

"அண்ணை, எங்கட பிள்ளையில என்ன குறை எண்டு நேரா சொல்லுங்கோ. போனில பழியைப் போடாதேங்கோ. ஞாயிறுக்குள்ள ஒரு முடிவு வராட்டி நாங்கள் வேற இடம் பாக்கிறம்."

ரதி அழுதாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. தில்லைநாதனுக்கு மகள் மேல் உயிர். அந்த உயிரை எழுபத்தொன்றிலிருந்து நூறாக்கிவிட வேண்டும் என்றுதான் அவர் தவித்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் ரதி தன்னோடு வேலை செய்யும் ஷெரோமியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஷெரோமி கொட்டாஞ்சேனைப் பிள்ளை. ஒவ்வொரு செவ்வாயும் தாயோடு கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மற்ற வேலை.

"அங்கிள், எங்கட அம்மாவும் போனை நூறாக்கிட்டு வந்தாங்க" என்றாள் அவள். "கோயிலால வரக்குள்ள, கொட்டாஞ்சேனையில ஒரு ரூம்ல பிரதர் றெஜி எண்டு ஒருத்தர் இருக்காரு. செவ்வாய்க்கிழமை மட்டும்தான். கையில ஜெபமாலை. பற்றரி இறங்குறது பொறாமைக்காரங்கட கண்ணால எண்டு சொன்னாரு. எண்ணெய் பூசி ஜெபிச்சு நூறாக்கினாரு."

"பாத்தியே" என்றார் தில்லைநாதன் ரதியிடம், முகம் மலர்ந்து.

"ஆனா அங்கிள், நூறு எண்டு காட்டுற போன் பகல் சாப்பாட்டுக்கு முன்ன செத்துப் போகுது. முந்தி எப்பிடியோ அப்பிடியேதான். கேட்டா, சக்தி கூடினா சார்ஜ் சுருக்கா இறங்குமாம்."

"அது உங்கட சமயத்து ஆள், பிள்ளை. எங்கட சாமி வேற."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மற்றவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள். ரதி அறைக்குள் போய், சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு வந்து, தகப்பனுக்கு முன்னால் அமர்ந்தாள்.

"அப்பா, யார்ட்டுக்கு ஒரு கொண்டெய்னர் வந்தா முதல் என்ன பாப்பியள்?"

"சீல்."

"சீல் உடைஞ்சிருந்தா?"

"ஆரோ கை வைச்சிட்டான்."

"ஏஜென்ட் வந்து, இல்லை, ஒருத்தரும் திறக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணினா?"

"ஏஜென்ட் சொல்லுறதை எவன் கேக்கிறது. சீல் சொல்லுறதைத்தான் கேக்கிறது" என்றார் தில்லைநாதன், பழைய மிடுக்கோடு.

ரதி போனைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில், சார்ஜ் வயர் குத்தும் ஓட்டைக்கு இருபுறமும் எள்ளளவில் இரண்டு ஸ்க்ரூக்கள். போனைத் திறப்பதென்றால் அவற்றைக் கழற்றாமல் முடியாது. இரண்டின் மேலும் பூச்சில் ஒவ்வொரு துளி வைத்தாள்.

"இதுதான் சீல். நாளைக்கு நானே போனைக் கொண்டு வாறன். சாமியின்ட சக்தியால நூறு வந்தா சீல் அப்பிடியே இருக்கும். இருந்தா, நீங்கள் சொல்லுற மாப்பிள்ளையைக் கட்டிறன், வாய் திறக்க மாட்டன். உடைஞ்சிருந்தா, நீங்கள் இரத்மலானைக்குப் போன் எடுக்கோணும்."

தவமணி கறி கிளறியபடி குசினிக்குள்ளிருந்து, "நான் சாட்சி" என்றாள்.

தில்லைநாதன் பூச்சு காயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். தொழில் புத்தி.

வெள்ளிக்கிழமை கூட்டம் ஒழுங்கை முழுக்க நின்றது. ஷெரோமி வேலை முடித்து வருவதாகச் சொல்லியிருந்தாள். ரதி போனைப் பணிவாக நீட்டினாள். சுவாமிகள் அதைப் பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். உள்ளே மணி அடித்தது. சாம்பிராணிப் புகை திரைக்கு மேலால் பொங்கி வந்தது. புகைக்குள் ஏதோ பசை உருகுகிற வாசமும் கலந்திருந்தது. அதைத் தேவலோகத்து வாசம் என்று முன்வரிசை மூக்கை உறிஞ்சியது.

நேரம் சென்றது. பக்தர்கள் தங்கள் போன்களைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள்.

திரை விலகியது. சுவாமிகள் போனை உயர்த்திப் பிடித்தார். செட்டிங்ஸில் நூறு. "அரோகரா" என்றது கூட்டம். போன் சூடாக இருந்தது. முன்னால் இருந்த பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "சக்திச் சூடு" என்று ஒருத்தி மற்றவளுக்கு விளக்கினாள். பாணைச் சூடாக வாங்கினால் பேக்கரிக்காரனையும் அவள் கும்பிட்டிருப்பாள்.

போன் கடைசியில் தில்லைநாதனின் கைக்கு வந்தது. உண்மையைச் சொல்வதானால், சீல் உடையாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். உடைந்திருந்தால் மகள் பிழைத்தாள், ஆனால் அவர் மடையன். அந்த இரண்டில் எதை விரும்புகிறோம் என்று நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கவிழ்த்தார்.

வலப்பக்க ஸ்க்ரூவில் பூச்சே இல்லை. இடப்பக்கத்தில் அரைவாசி உரிந்து, கீழே பளபளவென்று புதுக் கீறல் தெரிந்தது.

யார்ட்டில் இப்படியொரு பெட்டியைக் கண்டால் தில்லைநாதனின் குரல் எப்படி வருமோ, அப்படி வந்தது.

"சாமி, இதைத் திறந்தனீங்களோ?"

"யாம் கையால் தீண்டவில்லை. இறைவனே உட்புகுந்தான்."

"இறைவனுக்கு ஸ்க்ரூட்ரைவர் தேவையோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சுவாமிகளின் சபையில் அதுவரை அழுகை கேட்டிருக்கிறது, பெருமூச்சு கேட்டிருக்கிறது. சிரிப்புக் கேட்டது அன்றுதான்.

"அக்கினியின் வெப்பத்தில் அந்தப் பூச்சு உருகிவிட்டது" என்றார் சுவாமிகள்.

"உருகினா வழியும். இது சுரண்டுப்பட்டிருக்கு." தில்லைநாதன் போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கண்ணில் ஒற்றியவர்கள் எல்லாரும் இப்போது அதே கண்ணால் பார்த்தார்கள்.

"அப்ப சாமி, இன்னொரு போனுக்குத் திரை இல்லாமல், எங்களுக்கு முன்னால நூறாக்கிக் காட்டுங்கோ" என்றாள் ரதி.

"அவிசுவாசிகளின் கண் பட்டால் பலிக்காது."

அந்த நேரம்தான் ஷெரோமி வாசலில் வந்து செருப்பைக் கழற்றினாள். நிமிர்ந்து சுவாமிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிரதர்?" என்றாள். "பிரதர் றெஜி, நீங்க எப்ப சைவத்துக்கு மாறினீங்க? செவ்வாய்க்கிழமை எங்கட அம்மாவுக்கு ஜெபமாலையோட ஜெபிச்சீங்களே."

சுவாமிகளின் செந்தமிழ் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. "மிஸ், கொஞ்சம் வெளிய போய்க் கதைப்போமே" என்றார் கொட்டாஞ்சேனைத் தமிழில்.

முன்வரிசையில் ஒரு பருத்த அம்மா எழுந்து, எவரையும் கேட்காமல் திரையை இழுத்தார். உள்ளே தெய்வப் படம் ஒன்றும் இல்லை. கரண்டில் சூடாகும் ஒரு தட்டு, அதன் மேல் யாருடையதோ போன். பக்கத்தில் ஸ்க்ரூட்ரைவர்கள், முள்வாங்கி, ஒரு சிறிய மெஷின். அதன் திரையில் நூறு என்று இலக்கம் நின்றது. அடுத்த செவ்வாய்க்கு வேண்டிய ஜெபமாலை ஆணியில் தொங்கியது.

"இது என்ன மெஷின்?" என்றார் தில்லைநாதன்.

றெஜி தப்ப வழியில்லை என்று கண்டார். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. "பற்றரியில ஒரு சிப் இருக்கு ஐயா. அதில நம்பரை எழுதுறது. முந்தி நான் போன் திருத்துற கடை வைச்சிருந்த ஆள்."

"அப்ப பற்றரி?"

"பழையதுதான்."

"எங்களை ஏமாத்தினனீயோ?" என்று பருத்த அம்மா கேட்டார்.

"அம்மா, கடை வைச்சிருக்கக்குள்ள, பற்றரியை மாத்துங்க, போன் நல்லா நிக்கும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒருத்தரும் வரல்ல. இப்ப நீங்க எல்லாரும் நூறு எண்ட நம்பரைத்தானே கேட்டீங்க. நான் நம்பரைத்தான் குடுத்தேன்."

அந்தப் பதிலில் ஒரு பாவமும் இருந்தது, ஒரு உண்மையும் இருந்தது. இரண்டும் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. காணிக்கை உண்டியலைத் திறக்கச் சொன்னார்கள். றெஜி திறந்தார். கூட்டம் அதைச் சுற்றி வளைத்தது. பின்னால் ஒரு கனவான் மட்டும், "எண்டாலும் நூறு காட்டுதுதானே, என்ர போனை அப்பிடியே விடுங்கோ" என்றார். அவருடைய மகனுக்கு அடுத்த மாதம் பெண் பார்க்கப் போகிறார்களாம்.

தில்லைநாதன் உண்டியல் பக்கம் போகவில்லை. ஒழுங்கைக்கு இறங்கி, ரெயில் பாதையோரம் நின்று, தன் போனில் இரத்மலானையை அழைத்தார். ரதி பக்கத்தில் நின்றாள், எட்டிப் போகவில்லை.

"தங்கச்சி, நான் தில்லைநாதன். பிள்ளையளில ஒரு குறையும் இல்லை. பயத்தில நான்தான் புத்தி கெட்டுப் போனன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எழுத்து குறிச்ச நாளிலயே வைப்பம்."

அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. தில்லைநாதன் "ஓம்", "ஓம்", "ஓம் தங்கச்சி, அதுவும் சரி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"ஞாயிறு எல்லாரையும் சாப்பிட வரட்டாம்" என்றார் மகளிடம். "என்ர போனையும் கொண்டு வரச் சொன்னா. மாமனாரின்ர வீதத்தை அவவும் ஒருக்காப் பாக்கோணுமாம்."

ரதி சிரித்தாள். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள், இந்த முறை குழாய் எதுவும் திறக்காமல்.

காலி வீதிக்கு ஏறும்போது பருத்த அம்மா மூச்சு வாங்க அவர்களைப் பிடித்தார். காணிக்கை கைக்கு வந்துவிட்ட களிப்பு முகத்தில் தெரிந்தது.

"நல்ல வேலை செய்தியள் ஐயா. சரியான கள்ளன் அவன். தெஹிவளையில ஒருத்தர் இருக்கிறாராம், உண்மையான ஆளாம். வீட்டு ரவுட்டரில எத்தினை லைற் மினுங்குது எண்டு பாத்துக் கிரகம் சொல்லுவாராம். நாங்கள் ஓட்டோ பிடிச்சு இப்பவே போறம். நீங்களும் வாறியளோ?"

தில்லைநாதன் வரவில்லை என்றார். ஓட்டோ நிறைந்து போனது. பின்னால் இன்னொன்றும் போனது.

போனின் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் செட்டிங்ஸில் ஓரிடம் வைத்திருக்கிறார்கள், எவனுக்கும் காணிக்கை வைக்காமல் பார்க்கலாம். கழுத்துக்கு மேலே இருப்பதற்கு அப்படி ஓரிடம் இல்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் எடுத்துப் பாவித்துத்தான் பார்க்க வேண்டும். துணிந்து பாவியுங்கள், பாவிக்கப் பாவிக்க இறங்காதது அது ஒன்றுதான்.